மலைநாட்டுத் தங்குமனைகள்

மலைநாட்டுக்குச் சென்று நாலு நாள் இளைப்பாறி வருவோர் இந்நாளிற் பலர். நுவரெலியாவை அடைந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கணப்பின் அருகே அமர்ந்து ஒரு கோப்பை தேநீர் அருந்துவது அவர்களுக்குப் பேரின்பம். தாம் தங்கிய மனையின் வயதை அறிய ஆவல் கொள்வோரும் அவர்களுள் உண்டு. "நூறு ஆண்டுக்கு மேலான கட்டடம் ஐயா" என்று பணியாள் சொல்லுவார். சுவரில் மாட்டியுள்ள மான்கொம்பையும் மங்கிப்போன நிழற்படங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு அவர்கள் உறங்கச் செல்வர். அந்தச் சுவர்கள் சொல்லக்கூடிய கதை அதைவிட நீண்டது. அக்கதையைச் சுருக்கமாகச் சொல்லுவதே இப்பேச்சின் நோக்கம்.

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர்களின் பெயர் வரிசையால் மட்டும் அறிந்துவிட முடியாது. வழிப்போக்கருக்கு அந்நாட்டார் எங்கே இடங்கொடுத்தனர், எவருக்குக் கொடுத்தனர், எவருக்கு மறுத்தனர் என்பனவும் வரலாற்றின் பகுதிகளே. தமிழில் 'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். தொல்காப்பியர் புதுவகையான யாப்பைக் குறிக்க அச்சொல்லை ஆண்டார். பின்னாளில் அது புதிதாக வந்தவரையும், வந்தவருக்கு இடும் உணவையும் குறிக்கலாயிற்று. ஆகவே, விருந்தினர் என்பார் ஓரிடத்துக்குப் புதியவர். விருந்தோம்புவார் அவ்விடத்துக்கு உரியவர். இந்த எளிய வரையறையைக் கையிற் கொண்டு மலைநாட்டின் தங்குமனைகளை நோக்குவோமாயின், புதியவர் யார், உரியவர் யார் என்னும் வினாவுக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடை கூறப்பட்டமை புலனாகும்.

மலைநாட்டில் வழிப்போக்கரைப் பேணியமைக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளுள் ஒன்று அம்பகமுவைக் கல்வெட்டு. அம்பகமுவை என்பது கினிகத்தேனைக்கு அண்மையிலுள்ள ஊர்; அட்டன் செல்லும் வழியை அறிந்தோர் அவ்விடத்தையும் அறிவர். கல்வெட்டைப் பொறித்தவன் 1055 முதல் 1110 வரை ஆட்சி செய்த முதலாம் விசயபாகு மன்னன். சிவனொளிபாத மலைக்கு யாத்திரை செல்வோர் காட்டு வழியில் உணவின்றி வாடுதலை அறிந்த அம்மன்னன், கிலீமலை என்னும் ஊரை அவர்களுடைய தேவைக்கென ஒதுக்கினான். சூளவமிசமும் இச்செய்தியைக் கூறுகின்றது. ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளால் மலைக்குச் செல்வோர்க்கும் இவ்வாறு ஊர்கள் விடப்பட்டன என்று அந்நூலால் அறிகின்றோம். ஓர் ஊரின் விளைவு முழுதும் வழிநடைப்போரின் வயிற்றுக்கு என்று எழுதிவைத்த அக்கல்லே நமது மலைநாட்டு விருந்தோம்பலின் முதல் ஏடு எனலாம்.

அதன்பின் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு கழிந்து, 1344ஆம் ஆண்டில், மொரோக்கோ நாட்டவரான இபுனு பதூதா என்னும் பயணி இலங்கைக் கரையில் வந்திறங்கினார். அவரை ஏற்றுக்கொண்டவன் தமிழ் மன்னனாகிய ஆரியச் சக்கரவர்த்தி. புத்தளக் கரையிலிருந்த அவனது மாளிகையில் மன்னனும் பயணியும் பாரசீக மொழியில் உரையாடினர். மன்னன் தன் முத்துக்களைக் காட்டி, வேண்டுவது யாது என வினவினான். ஆதாமின் பாதம் பதிந்ததெனத் தாம் கேள்வியுற்ற மலையைக் காண்பதன்றி வேறு விருப்பமில்லை என்றார் விருந்தினர். மன்னன் அவருக்குப் பல்லக்கு ஒன்று கொடுத்தான். ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்றுவரும் யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், தன் ஆட்கள் பதின்மரையும், உணவுப்பொருள் சுமக்கப் பதினைவரையும் உடன் அனுப்பினான்.

இந்த நிகழ்ச்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். விருந்தினர் இஸ்லாமியர், வழிகாட்டிகள் யோகியரும் பிராமணரும், அனுப்பியவன் சைவ மன்னன், வழியிலுள்ள ஊர்கள் சிங்கள பௌத்தருடையவை, மலையோ எல்லாரும் வணங்கும் மலை. கடற்கரையில் தொடங்கி மலையுச்சி வரை ஒரு புதியவனை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றி, நலமாகக் கொண்டுசேர்த்த நாடு இது.

கண்டி அரசர் காலத்தில் அவ்வழக்கத்தைத் தாங்கி நின்றவை அம்பலங்கள். அம்பலம் என்பது வழியோரத்தில் ஊரார் கூடிக் கட்டும் சிறு மண்டபம். உயர்த்திய மேடை, சுற்றிலும் மரத்தூண்கள், மேலே கூரை, பெரும்பாலும் சுவருமில்லை, கதவுமில்லை. அருகே ஒரு குடத்தில் குடிநீர் வைத்திருப்பர். இரவில் வந்தவன் எவனாயினும் மேடையில் படுத்து, விடிந்ததும் எழுந்து செல்லலாம். தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் மடமும் சத்திரமும் தண்ணீர்ப்பந்தலும் சுமைதாங்கிக் கல்லும் செய்த பணியை இங்கே அம்பலம் செய்தது. கதவில்லாத வீட்டில் வாயிற்காவலனுக்கு வேலையில்லை. பூட்டும் கதவும் உடைய தங்குமனை மலைநாட்டுக்கு வந்தது பின்னர்த்தான்.

1815ஆம் ஆண்டிலே கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளுள் யோன் டேவி என்னும் படை மருத்துவர் நுவரெலியாச் சமவெளியைக் கண்டார். அவர் 1821இல் வெளியிட்ட நூல் அவ்விடத்தின் குளிர்ந்த காற்றை வெளியுலகுக்கு அறிவித்தது. கடலிலிருந்து 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலே, தம் தாய்நாட்டின் தட்பவெப்பத்தை ஒத்த ஒரு சமவெளி கிடைத்தமை ஆங்கிலேயருக்குப் புதையல் கிடைத்தாற்போலாயிற்று. தாழ்நிலத்திலே காய்ச்சலுக்கு அவர்கள் கூட்டங்கூட்டமாக மடிந்துகொண்டிருந்த காலம் அது. நீலகிரியிலும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில் யோன் சலிவன் என்னும் ஆட்சியாளர் உதகமண்டலத்தில் தமக்கெனக் கல்வீடு எழுப்பிக்கொண்டிருந்தார் என்பது இங்கே ஒப்புநோக்கத் தக்கது. மலை வாசத் தலங்கள் என்னும் எண்ணம் இரு நாட்டிலும் ஒருங்கே முளைத்தது.

1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக இருந்த சேர் எட்வேட் பான்ஸ் என்பவர் பாதைகள் அமைப்பதிலே பெருவிருப்புடையவர். கொழும்பு கண்டிப் பெரும்பாதை அவர் காலத்து வேலை. அவர் நுவரெலியாவில் தமக்கென ஒரு மாளிகை கட்டினார். நோயுற்ற படையினர் உடல் தேறுதற்கென ஒரு நிலையமும் 1820களின் இறுதியில் அங்கே தோன்றிற்று. அம்மாளிகை பின்னர்க் கைமாறி, 1890களில் ஒரு விடுதிக் கம்பனியின் உடைமையாகி, விரிவடைந்து, இன்று 'கிராண்ட் ஹோட்டல்' என்னும் பெயருடன் நிற்கின்றது. ஒரு தேசாதிபதியின் ஓய்வு மனை பொதுமக்கள் பணம் கொடுத்துத் தங்கும் விடுதியானமைக்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

1846இல் இலங்கைக்கு வந்த சாமுவேல் பேக்கர் என்னும் வேட்டைக்காரர் காட்டுக் காய்ச்சலால் மெலிந்து நுவரெலியாவுக்குச் சென்றார். இரண்டே வாரத்தில் உடல் தேறினார். தேறியவர் அவ்விடத்தை மறக்கவில்லை. 1848இல் தம் குடும்பத்தாரையும், வேலையாட்களையும், உயர்சாதி மாடுகளையும், வேட்டை நாய்களையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து, அங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தை உண்டாக்க முயன்றார். 1855இல் அவர் திரும்பிச் சென்றுவிட்டார். அவர் விதைத்த எண்ணம் திரும்பிச் செல்லவில்லை. குதிரைப் பந்தயமும் ரோசாத் தோட்டமும் கொண்ட ஒரு குட்டி இங்கிலாந்தாக நுவரெலியா வளரலாயிற்று. 1876இல் துரைமார் தமக்கென 'ஹில் கிளப்' என்னும் சங்கத்தை அமைத்தனர். அதன் கதவு நெடுங்காலம் ஐரோப்பிய ஆடவருக்கு மட்டுமே திறந்தது. 1884இல் அட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் புகையிரதப் பாதை வந்தது. அதனால் கொழும்பின் வெக்கையிலிருந்து ஒரே நாளில் தப்பிவருதல் எளிதாயிற்று.

பெரும்பாதைகளின் ஓரத்திலே ஏறத்தாழப் பன்னிரண்டு, பதினைந்து மைலுக்கு ஒன்றாக அரசினர் தங்குமனைகள் எழுந்தன. இவற்றையே நாம் 'வாடிவீடு' என்கின்றோம். உத்தியோகத்தருக்கு முதலிடம், பணமுள்ள பயணிக்கு அடுத்த இடம் என்பது அங்கே வழக்கு. அம்பலத்தின் இடத்தை வாடிவீடு பிடித்துக்கொண்டது. பயணத்துக்கு வசதி கூடிற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் வந்தவன் எவன் என்று கேட்கும் வழக்கமும் அவ்வசதியோடு சேர்ந்தே வந்தது.

இனி மற்றொரு பாதையைப் பார்ப்போம்.

மலைச்சரிவுகளிலே முதலில் கோப்பியும், 1869இல் கோப்பியிலைக்கு நோய் கண்டபின் தேயிலையும் பயிராயின. 1867இல் யேம்ஸ் டெயிலர் என்பவர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டமையை நம் மாணவர் யாவரும் பாடநூலிற் படிப்பர். அக்காட்டை வெட்டியவர், பாதைக்குக் கல்லுடைத்தவர், கன்று நட்டவர், கொழுந்து பறித்தவர் ஆகியோர் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ் மக்கள். திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், மதுரை, சேலம் முதலாய பகுதிகளிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்டு, கங்காணிமாரின் பின்னே அவர்கள் புறப்பட்டனர்.

அவர்கள் நடந்து வந்த இராமநாதபுரச் சீமையிலே இராமேசுவர யாத்திரிகருக்கெனச் சேதுபதி மன்னர்களும் பிறரும் நிறுவிய சத்திரங்கள் பல. கடலுக்கு இக்கரையில், மன்னாரில் இறங்கியதும் அந்தச் சத்திர வழி முடிந்துவிட்டது. மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை சுமார் 150 மைல் தூரம் அவர்கள் காட்டிலே நடந்தனர். குடிக்க நல்ல நீரில்லை. ஒதுங்கக் கூரையில்லை. வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவர்களைத் தொடர்ந்தன. நடக்க இயலாதவர்கள் வழியோரத்திலேயே விடப்பட்டனர். கோப்பிக் காலத்தின் முதற் பத்தாண்டுகளில் அப்பாதையில் மாண்டவர்களுக்கு நடுகல் கிடையாது. பல ஆண்டுகளுக்குப் பின்னரே கிணறுகளும் கொட்டகைகளும் மருத்துவ நிலையங்களும் அப்பாதையில் ஒவ்வொன்றாகத் தோன்றின. தப்பிப் பிழைத்தோர் மாத்தளைக்கு வந்து சேர்ந்து முத்துமாரியம்மனை வணங்கி, அங்கிருந்து தத்தம் தோட்டங்களுக்குப் பிரிந்து ஏறினர்.

இவ்வாறு ஒரே நூற்றாண்டில் ஒரே மலையை நோக்கி இரு சாரார் பயணம் செய்தனர். ஒரு சாராருக்கு நோய் தீர்க்கும் இடமாயிற்று அம்மலை. மற்றவருக்கு அதை அடைவதே உயிரைப் பணயம் வைக்கும் செயலாயிற்று. ஒருவருக்கு 15 மைலுக்கு ஒரு வாடிவீடு. மற்றவருக்கு 150 மைலுக்கும் மரநிழல். விசயபாகு மன்னன் ஊர்களை மானியமாக விட்டதும், ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்கு அனுப்பியதும் இதே நாட்டிலேயே என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கின்றது.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கி, புகையிரதமும் இணைந்தபின் அந்நடைப்பயணம் ஒழிந்தது. அதற்குப் பதிலாக, இராமேசுவரத்துக்கு இக்கரையிலுள்ள மண்டபத்திலே, அழகிய கடற்கரை ஓரத்தில், தொற்றுநோய்த் தடுப்பு முகாம் ஒன்று ஏற்பட்டது. மலைநாடு செல்வோர் அங்கே சில நாள் வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்ட பின்னரே கப்பலேற்றப்பட்டனர். மண்டபம் என்னும் பெயர் வழிப்போக்கருக்கு நிழல் தரும் இடத்தைக் குறிக்கும். அப்பெயருடைய ஊரிலே நம்மவர் முள்வேலிக்குள் தங்கினர். அதே முகாம், 1980களின் பின்னர், இலங்கையிலிருந்து போருக்கஞ்சி ஓடிய தமிழருக்கு அகதி முகாமாயிற்று என்பதும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியேயாம்.

தோட்டத்தை அடைந்தோருக்குக் கிடைத்த உறைவிடம் லயம். நீண்ட ஒரே கூரையின் கீழே வரிசையாகக் காம்பராக்கள். காம்பரா ஒன்று பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதன் முன்னே ஒடுங்கிய ஒரு திண்ணை. அதற்குள்ளேதான் அடுப்பும், பிள்ளைத் தொட்டிலும், வயதான தாய் தந்தையரும். நான் ஆசிரியத் தொழிலிலே இருக்கும் இந்நெடுங்காலத்தில், வரலாற்றுப் பாடம் நடக்கும் வேளை, பாடசாலை மண்டபத் தரையில் வெண்கட்டியால் பத்தடிக்குப் பன்னிரண்டடிச் சதுரம் ஒன்றை வரைந்து, அதற்குள் ஏழெட்டு மாணவரை நிற்கச் செய்வதுண்டு. நகரத்திலிருந்து மாற்றலாகி வந்த பிள்ளைகள் வியப்பர். லயத்துப் பிள்ளைகள் வியப்பதில்லை. எங்கே அடுப்பு, எங்கே படுக்கை என்று அவர்களே இடஞ்சுட்டிக் காட்டுவர். அந்தச் சதுரத்தைப் போல எத்தனை சதுரம் சேர்ந்தால் மேட்டிலுள்ள துரை பங்களாவின் விறாந்தை ஒன்று நிரம்பும் என்று ஒருமுறை ஒரு மாணவி கணக்குப் பார்க்கத் தொடங்கினாள். அன்று வரலாற்றுப் பாடமும் கணித பாடமும் ஒன்றாயின.

இத்தகைய ஒரு காம்பராவில் வாழ்ந்தவர்கள் விருந்தோம்பும் நிலையில் இருந்திருப்பார்களா என்று ஐயுறுவோர்க்கு 1931ஆம் ஆண்டு நடந்த ஒரு செய்தி விடை சொல்லும். அவ்வாண்டு, சிறைவாழ்வாலும் தந்தையாரின் மறைவாலும் தளர்ந்திருந்த சவகர்லால் நேரு, மருத்துவர் சொற்படி ஓய்வுக்காக இலங்கைக்கு வந்தார். துணைவியார் கமலாவும் பதின்மூன்று வயது மகள் இந்திராவும் உடன் வந்தனர். நுவரெலியாவில் ஒரு சிறு வீட்டிலே அவர்கள் இரு வாரம் தங்கினர். செய்தி தோட்டங்களுக்கு எட்டியது. நாள்தோறும் தொழிலாளர் கூட்டம் கூட்டமாகப் பல மைல் நடந்து அவ்வீட்டுக்கு வந்தனர். காட்டுப்பூக்களும், காய்கறிகளும், வீட்டில் எடுத்த வெண்ணெயும் அவர்கள் கையில் இருந்தன. அவர்கள் பேசிய தமிழ் நேருவுக்குத் தெரியாது. நேரு பேசிய மொழி அவர்களுக்குத் தெரியாது. ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகை செய்தனர். வறுமையினின்றும் வந்த அப்பொருள்களால் தம் சிறு வீடு நிறைந்ததையும், அவற்றை ஊர் மருத்துவமனைக்கும் அநாதை இல்லங்களுக்கும் தாம் அனுப்பியதையும் நேரு தம் சுயசரிதையிலே உருக்கமாக எழுதியுள்ளார்.

விருந்துக்கு முதலில் சொன்ன வரையறையை இங்கே பொருத்திப் பாருங்கள். வந்தவர் புதியவர். பூவும் வெண்ணெயும் கொண்டு எதிர்சென்றவர் அவ்விடத்துக்கு உரியவர். நுவரெலியா தம் ஊர், ஊருக்கு வந்தவரை வெறுங்கையோடு காண்பது முறையன்று என்னும் எண்ணம் இல்லாதவன் பத்து மைல் நடந்து வெண்ணெய் கொண்டு செல்லமாட்டான். சட்டம் எதையும் சொல்வதற்கு முன்னரே அம்மக்கள் தம் செயலால் தம்மை அம்மலைக்கு உரியவராக்கிக் கொண்டனர்.

சட்டமோ வேறு சொன்னது. 1939இல் நேரு மறுபடியும் வந்தபோது, அரசாங்க வேலையிலிருந்த இந்திய வமிசத்தினரை நீக்கும் பேச்சு எழுந்திருந்தது. அவ்வாண்டு யூலை மாதத்தில் இலங்கை இந்திய காங்கிரஸ் தோன்றிற்று. நாடு விடுதலையடைந்த 1948ஆம் ஆண்டிலேயே நிறைவேறிய பிரசாவுரிமைச் சட்டத்தால் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட மலையக மக்கள் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு 1974இல் ஏற்பட்டது. பல தலைமுறையாக இங்கே பிறந்து இங்கேயே மடிந்தவரின் பேரப்பிள்ளைகள், விருந்துக்கு வந்து நெடுநாள் தங்கிவிட்டவரைப் போல மூட்டை கட்டினர். அவர்களுள் பலர் நீலகிரியை அடைந்தனர். அங்கே தாயகம் திரும்பியோருக்கெனத் தமிழ்நாட்டு அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தனர். 'சிலோன்காரர்' என்று அங்கே அவர்கள் மறுபடியும் புதியவராயினர். இங்கே எஞ்சியோரின் நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே பெருமளவு நீங்கிற்று.

மேற்படி 1931ஆம் ஆண்டிலேயே மலைநாட்டில் மற்றொரு மனை எழுந்தது. சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்னும் ஆங்கிலப் பெருவணிகர் அப்புத்தளையிலே, இங்கிலாந்துக் கெந்து மாவட்டத்துக் கோட்டை வீடுகளின் பாணியில், கருங்கல் மாளிகை ஒன்றைக் கட்டி, தம் தந்தையார் குருவாயிருந்த ஊரின் பெயரால் அதற்கு 'அடிசம்' என்று பெயரிட்டார். அப்புத்தளை மலை விளிம்பில் அமைந்த ஊர். வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து தெற்கே நோக்கினால் தாழ்நிலம் முழுதும் விரிந்து, அதற்கப்பால் கடல் ஒரு வெள்ளிக் கோடாகத் தெரியும். வில்லியர்ஸ் இலங்கையை விட்டுச் சென்றபின் அம்மாளிகை சிலர் கைமாறி, 1960களின் தொடக்கத்தில் பெனடிக்ட் சபைத் துறவியருடையதாயிற்று. அச்சபையின் ஒழுங்குநூல் ஏறத்தாழ 1,500 ஆண்டுப் பழைமையுடையது. வரும் விருந்தினர் எவரையும் கிறித்துவாகவே கொண்டு வரவேற்க வேண்டும் என்பது அதிலுள்ள விதி. துரை ஒருவரின் தனி மாளிகை இவ்வாறு வழிபடுவோரின் இல்லமாகவும், பொதுமக்கள் கண்டு செல்லும் இடமாகவும் மாறிற்று. கதவுள்ள வீடும் மனம் வைத்தால் அம்பலமாகலாம் என்பதற்கு அது சான்று.

தோட்டங்கள் 1972இலும் 1975இலும் நிலச்சீர்திருத்தத்தால் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. அதன் பின்னர்ப் பழைய கட்டடங்கள் புதுவாழ்வு பெறலாயின. கந்தப்பொலையில் மூடிக்கிடந்த 'ஹெதர்செட்' தேயிலைத் தொழிற்சாலை 1996இல் விடுதியாயிற்று. கொழுந்து உலர்ந்த மாடிகளிலே இன்று பயணிகள் உறங்குகின்றனர். 2005 முதல் காசல்ரீ, பொகவந்தலாவைப் பகுதிகளில் துரை பங்களாக்கள் சில உலகப் பயணிகளின் விடுதிகளாயின. அவற்றின் விறாந்தையில் அமர்ந்து பயணிகள் வியக்கும் காசல்ரீ நீர்ப்பரப்பு, 1965இல் மின்சாரத்துக்காக அணைகட்டி உண்டாக்கியது. அயலிலுள்ள மவுசாகலை நீர்த்தேக்கத்தின் அடியிலோ பழைய மஸ்கெலியா நகரமே கிடக்கின்றது. கோடையில் நீர் வற்றும்போது அங்கிருந்த கோவிலின் கற்கள் வெளிப்படும். ஊரார் சென்று விளக்கேற்றுவர்.

இவ்விடுதிகளை நான் குறைகூற வரவில்லை. நம் பாடசாலைகளிற் படித்த பிள்ளைகள் பலர் அங்கே வேலை பெற்று, பிற மொழிகள் கற்று, கண்ணியமாக வாழ்கின்றனர். பழைய கட்டடம் இடிந்து விழுவதிலும் விடுதியாக நிலைப்பது நன்று. எனினும் ஒன்று கருதத் தக்கது. இத்தகைய மனைகளின் வரலாற்றுக் குறிப்புகளில் பான்ஸ், பேக்கர், வில்லியர்ஸ் ஆகியோரின் பெயர்களே இடம் பெறுகின்றன. கல்லைச் சுமந்தவரின் பெயரும், அடுப்பெரித்தவரின் பெயரும், விருந்தினர் குளிக்க வெந்நீர் கொண்டு மேடேறியவரின் பெயரும் இடம் பெறுவதில்லை. பங்களாவின் நிழற்படம் சுவரிலே தொங்குகின்றது. அதற்கு ஒரு கூப்பிடு தொலைவிலுள்ள லயத்தின் நிழற்படம் தொங்குவதில்லை. இரண்டும் ஒரே தோட்டத்தின் வரலாறு.

லயத்தின் காலம் இன்னும் முடிந்துவிடவில்லை. தனி வீடும் ஏழு பேர்ச் காணியும் பெற்றுக் குடியேறியோர் தொகை அண்மை ஆண்டுகளிலே கூடியுள்ளது. இந்திய அரசின் உதவியாலும் வீடுகள் எழுந்துள்ளன. ஆயினும் காம்பராவிலேயே பிறந்து, காம்பராவிலேயே படித்து, பரீட்சைக்கு எழுதும் பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் காண்கின்றேன். பிறருக்கு ஓய்வு மனை அமைத்துக் கொடுத்தவருக்குத் தமக்கென ஒரு மனை கிடைப்பதற்கு இரு நூற்றாண்டும் போதவில்லை.

2023ஆம் ஆண்டிலே, மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைப்பயணம் நிகழ்ந்தது. யூலை 28ஆம் நாள் தொடங்கி ஆகத்து 12ஆம் நாள் நிறைவுற்ற அப்பயணத்தில் முதியோரும் இளைஞரும், மலையகத்தாரும் பிறரும் கலந்து நடந்தனர். முன்னோர் கூரையின்றி நடந்த அதே வழியில், இம்முறை பல சமயத்தாரும் பல இனத்தாரும் அவர்களை எதிர்கொண்டு வரவேற்றனர். வழிநடைப்போரைப் பேணும் பழைய வழக்கம் இந்நாட்டில் அற்றுப்போகவில்லை என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. சிவனொளிபாத மலைக்கு மார்கழி தொடங்கி வைகாசிவரை ஏறுவோரும் இதனை அறிவர். நல்லதண்ணி வழியிலே இன்னாரென்று கேளாமல் கொதிக்கும் தேநீரும் கஞ்சியும் வழங்குவோர் இன்றும் உள்ளனர்.

ஆகவே நேயர்களே, அடுத்த விடுமுறைக்கு மலைநாட்டில் ஒரு பழைய மனையிலே தங்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமாயின், கட்டியவர் யார் என்பதோடு நின்றுவிடாதீர்கள். இத்தோட்டத்துக்குத் தமிழிலே வழங்கும் பெயர் என்ன, இங்கே கல்லுடைத்தவர் எந்த ஊரிலிருந்து வந்தனர், அவர் பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கின்றனர் என்றும் கேளுங்கள். தேநீர் கொண்டுவரும் பணியாளிடமே கேட்கலாம். அவருடைய பாட்டனாரின் கதையாகவே அது இருக்கக் கூடும். மலைநாட்டு மாணவர்களே, உங்கள் இல்லத்து முதியோர் இன்னும் நினைவோடிருக்கும்போதே அவர்கள் சொல்வதை ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். எழுதப்படாத பாதி எழுதப்பட்டால்தான் அம்மனைகளின் வரலாறு முழுமை பெறும். அப்போதுதான், அங்கே தங்கிச் செல்லும் நாமே விருந்தினர் என்பதையும், நமக்கு இடங்கொடுப்போர் அம்மலைக்கு உரியவர் என்பதையும் நாம் சரியாக உணர்வோம்.